அந்தக் கயிற்றில் ஒரு பிரி அறுந்திருந்தது

குமரேசா,

நீ வெள்ளிமலைக்குப் போய் இன்றோடு நான்கு நாள் ஆகிறது. நேற்று போன் செய்தபோது இன்னும் மூன்று மரம் பாக்கி, சனிக்கிழமை வந்துவிடுவேன், திங்கட்கிழமை அந்த மரம் கழிக்கிற கம்பெனி வேலைக்குப் பெங்களூர் பஸ் ஏறவேண்டும் என்றாய். மூன்று மரம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. இப்போது மணி பதினொன்று. முதல் மரம் முடிந்திருக்கும், இரண்டாவதில் ஏறியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அடுப்பில் குழம்பு வைத்துவிட்டு உப்புப் போட்டேனா என்று இரண்டு முறை ருசி பார்த்தேன். இரண்டு முறையும் நாக்கில் ஒன்றும் உறைக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, உன் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை நீ வந்ததும் உன் கையிலேயே இதைக் கொடுப்பேன். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கமாட்டேன்.

வாயால் சொல்லியிருக்கலாமே என்பாய். எத்தனை முறை ஆரம்பித்திருக்கிறேன் தெரியுமா? நான் "கயிறு" என்று வாய் எடுத்தாலே, "சும்மா இரும்மா, இப்பல்லாம் எல்லாத்துக்கும் பெல்ட்டு, கொக்கி, ஹெல்மெட்டு வந்துடுச்சு, ஒன் காலம் மாரி இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவாய். நீ சொல்வது பொய் இல்லை. உன் சாமான்களை வெயிலில் உலர்த்தியவள் நான்தானே. தொடையையும் இடுப்பையும் சுற்றி வரும் அந்த பெல்ட், தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கிகள், முகத்துக்கு வலை போட்ட தலைக்கவசம், காதுமூடி, ரம்பத்தின் சங்கிலி பட்டால் நூல் நூலாகப் பிரிந்து சிக்கி அதை நிறுத்திவிடும் என்று நீ சொன்ன அந்தக் கனமான கால்சட்டை, எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. உன் அப்பாவுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர் விழுந்தது பெல்ட் இல்லாததால் மட்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

உனக்கு விவரம் தெரிவதற்கு முன்பிருந்தே நான் உன் அப்பாவுக்குக் கயிறு பிடித்தவள். வடக்கனந்தலில் கரும்பு வெட்டு முடிந்து வேலை இல்லாத நாட்களில்தான் அவர் மரத்துக்குப் போக ஆரம்பித்தார். புளிய மரம், வேப்ப மரம், பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரம், வீட்டுக் கூரை மேல் சாய்ந்த மாமரம் என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே கிளை இறக்கவேண்டும் என்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். மரத்தை வெட்டிச் சாய்ப்பது வேறு, கிளையை மட்டும் கழித்து மரத்தை நிற்க வைப்பது வேறு. அவர் இரண்டாவதில் கெட்டிக்காரர். கிளையின் அடியில் முதலில் ஒரு சின்ன வெட்டு, அப்புறம் மேலிருந்து ஒரு வெட்டு, கடைசியில் தண்டை ஒட்டியிருக்கும் அந்தத் தடித்த வளையத்தைத் தொடாமல் மிச்சத்தை எடுப்பது. அடிவெட்டு போடாவிட்டால் கிளை சாயும்போது பட்டையை உரித்துக்கொண்டு தண்டு வரைக்கும் கிழிந்துவிடும் என்பார். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு மாமரத்தைக் கிழித்துவிட்டு, அது இரண்டு வருஷத்தில் பட்டுப்போனதைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார்.

கீழே என் வேலை இது. அவர் வெட்டப்போகும் கிளையில் கயிற்றைக் கட்டி, மேலே ஒரு கவட்டை வழியாக விடுவார். மறுமுனையை நான் அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். கிளை அறுந்ததும் பாரம் முழுதும் கயிற்றில் விழும். சுற்று இருப்பதால் என் கை தாங்கும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் எவ்வளவு பெரிய கிளையும் குழந்தையைப் படுக்க வைப்பது போலத் தரையில் வந்து படுக்கும். பன்னிரண்டு வருஷம் இதைச் செய்தேன். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டும் செய்தேன். கையில் காய்ப்பு இருக்கிறதே, நீ சின்ன வயதில் தடவிப் பார்த்து, "இன்னாம்மா இது, கல்லு மாரி" என்று கேட்பாயே, அது கரும்பால் வந்ததில்லை.

உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வேலைச் சாமானை யாராவது தொட்டால் அவருக்குக் கண் மண் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவருடைய கைரம்பத்தை எடுத்து விறகு அறுத்துவிட்டேன். ஆணி ஒன்று பட்டு இரண்டு பல் போய்விட்டது. அன்றைக்கு என்னை அடித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை, ஆனால் அந்த ஒரு அடி போதுமானதாக இருந்தது. அதன் பிறகு அவருடைய சாமானில் ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால் நான் அவரிடம் சொல்வதில்லை. தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று எதிரில் படும்படி வைத்துவிடுவேன். சொன்னால், "நீ தொட்டியா?" என்றுதான் முதல் கேள்வி வரும்.

நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்த வருஷம், ஐப்பசி மழையில் நம் வீட்டுத் தகரம் காற்றில் தூக்கித் தூக்கி அடித்தது. அவர் ஊரில் இல்லை. உன் மேல் தகரம் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், கைக்குக் கிடைத்த அவருடைய இறக்குகயிற்றை எடுத்துக் கூரை மேல் போட்டு இரண்டு பக்கமும் கல்லில் கட்டினேன். மறுநாள் காற்று ஓய்ந்ததும் அவிழ்த்துப் பார்த்தால், தகரத்தின் ஓரம் அறுத்து அறுத்து, கயிற்றின் மூன்று பிரியில் ஒன்று முழுதாகப் போயிருந்தது. இன்னொன்றில் பாதி. கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அப்புறம் அறுந்த பிரியை உள்ளே திணித்து, அந்த இடம் சுருளின் உட்பக்கம் வருகிற மாதிரி சுற்றி, இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டேன். எதிரில் படும்படி வைக்கவில்லை, குமரேசா. மறைத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் சங்கராபுரத்தில் ஒரு வீட்டில் வேலை. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர் வீடு. கொல்லையில் இருந்த வேப்ப மரத்தின் ஒரு கிளை, பக்கத்துச் சிமெண்ட் ஓட்டுக் கூரை மேல் படர்ந்திருந்தது. காலையில் பஸ்ஸில் போகும்போது கயிறு என் மடியில்தான் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்கு முந்திய நாள் சாயங்காலம் அவர் கொஞ்சம் குடித்திருந்தார், காலையில் முகம் சிடுசிடுவென்று இருந்தது. பஸ்ஸில் நாலு பேர் முன்னால் திட்டுவாரே என்று நினைத்தேன். சின்னக் கிளைதான், தாங்கும் என்று நினைத்தேன். அங்கே போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கே போனதும் அந்த வீட்டு அம்மா காபி கொடுத்தார்கள், வீட்டுக்காரர் சீக்கிரம் சீக்கிரம் என்றார், இவர் ஏறிவிட்டார். அவர் மேலே முடிச்சுப் போட்டுவிட்டு, "புடிச்சுக்கினியா?" என்று கேட்டார். "புடிச்சுக்கினேன்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

கிளை அறுந்தது. பாரம் கயிற்றுக்கு வந்த அந்தக் கணம் என் கையில் தெரிந்தது. வழக்கமாக ஒரு இழுப்பு இழுக்கும். அன்றைக்கு ஒரு துடிப்பு வந்து, சட்டென்று ஒன்றுமே இல்லாமல் போனது. நான் பின்பக்கம் விழுந்தேன். கிளையின் நுனி கூரையில் இடித்து, அடிப்பக்கம் எகிறி, அவர் நின்றுகொண்டிருந்த கிளையை வந்து அடித்தது. அவர் கத்தவில்லை. விழும்போது என்னைப் பார்த்தார். துணி துவைக்கிற கல்லின் ஓரத்தில் இடுப்பு பட்டது.

வீட்டுக்குள் இருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது கயிறு அறுந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை, என்னைத் தவிர. வீட்டுக்காரர் உடைந்த கூரையைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார், குனிந்து முகத்தருகே மோந்து பார்த்தார். "ராத்திரி குடிச்ச கை. முடிச்சு ஒழுங்கா போட்டிருக்க மாட்டான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாமா, முடிச்சு அவுந்துடுச்சா?" என்று கேட்டார். நான் "ஆமாங்க" என்றேன்.

அந்த "ஆமாங்க"வை நான் திரும்ப எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்ததும் முதலில் கேட்டது, "முடிச்சா அவுந்துச்சு?" என்றுதான். அப்போதும் ஆமாம் என்றேன். மறுநாள் சாமான் எடுக்க அந்த வீட்டுக்குப் போனபோது, இலைக்குவியலுக்குள் யார் கண்ணிலும் படாமல், கிளையில் அவர் போட்ட முடிச்சு போட்டபடியே இறுகிக் கிடந்தது. அதை அவிழ்க்க எனக்கு நகம் பிய்ந்தது. அவிழ்த்து, அறுந்த முனைகளை வெட்டி, வரும் வழியில் ஓடையில் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீ பார்த்து வளர்ந்தாய். அவருக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. அதோடு குடியை விட்டார், மரத்தையும் விட்டார். குடித்துவிட்டு ஏறி விழுந்தவன் என்று ஊர் பேசியது. அவரும் அதைத்தான் நம்பினார். கையில் ஒரு சின்னக் கயிற்றை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஒரே முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்ப்பாரே, கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நீகூடச் சிரித்திருக்கிறாய். அன்றைக்குப் போட்ட முடிச்சு எங்கே தப்பாகப் போனது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை.

பதினாறு வயதில் நீ மரம் கழிக்கிற வேலைக்குப் போகிறேன் என்று நின்றபோது அவர், "கவுறு கட்டறது மட்டும் நான் சொல்லித் தரேன்டா" என்றார். நீ, "குடிச்சிட்டு வுழுந்தவரு எனுக்கு ஒண்ணியும் சொல்லித் தர வேணாம்" என்றாய். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் உன்னைக் கண்டித்தேன், அப்பாவை அப்படிப் பேசலாமா என்று. கண்டித்தேனே தவிர, நீ சொன்னது பொய் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து நீங்கள் இருவரும் பேசுவது சங்கிலிக்கு அரம் போடுவதைப் பற்றி மட்டும்தான். நீ மழுங்கிய சங்கிலியைத் திண்டில் வைத்துவிட்டுப் போவாய். அவர் ஒவ்வொரு பல்லாகக் கூர் ஏற்றி அதே இடத்தில் வைப்பார். ஒரே வீட்டில் பத்து வருஷம்.

இவ்வளவு காலம் மூடி வைத்ததை இப்போது ஏன் திறக்கிறாள் என்று கேட்பாய். மூன்று வாரம் முன்னால் நீங்கள் வெள்ளிமலையில் மிளகுத் தோட்டத்தில் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்களைக் கவாத்துச் செய்யப் போனபோது, சமைத்துப் போட ஆள் இல்லை என்று என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டாய். பதினைந்து வருஷம் கழித்து அன்றைக்குத்தான் மறுபடியும் மரத்தடியில் நின்றேன். நீ வேலை செய்வதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. ரம்பத்தைக் கிளப்புவதற்கு முன் இரண்டாவது கயிற்றையும் மாட்டிக்கொண்டாய். தோளுக்கு மேலே ரம்பத்தைத் தூக்கவில்லை. கீழே நாலு பக்கமும் சிவப்பு நாடா கட்டி ஆள் வராமல் தடுத்திருந்தாய். மரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, உள்ளே பொந்து இருக்கிறதா என்று காது வைத்துக் கேட்டாய். உன் அப்பா அரிவாளின் பின்பக்கத்தால் அப்படித்தான் தட்டுவார். நான் அதை உன்னிடம் சொல்லவில்லை.

அன்று மதியம் உன் கயிறு பிடிக்கும் ஏழுமலை, அவரும் முன்பு கரும்பு வெட்டியவர், உன்னைவிட இருபது வயது மூத்தவர், கயிற்றை விரலால் உருவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "தம்பி, இந்த எடத்துல கவுறு வெரப்பா இருக்குப்பா. உள்ள இன்னாமோ ஆயிருக்கு" என்றார். நீ மேலே இருந்தாய். கீழே குனிந்துகூடப் பார்க்காமல், "அண்ணே, கவுறு புடிக்க வந்தியா, பாடம் எடுக்க வந்தியா? இஸ்துப் புடிண்ணே" என்றாய். கிளை பொறுக்க வந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்தார். அவர் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அந்தத் தோட்டத்து வீட்டை ஒட்டியிருந்த பலா மரம். காலையில் சின்னக் கிளைகளைக் கழித்துவிட்டு டீ குடிக்க இறங்கினாய். திரும்ப ஏறப் போகும்போது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஏழுமலை உன் இடுப்புக் கொக்கியைப் பார்த்தார். எதையோ கண்டுவிட்ட மாதிரி அவர் கை தூக்கிக்கொண்டது. அப்புறம் அந்தக் கை கீழே இறங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றைச் சரிசெய்வது போல நின்றுவிட்டார். குமரேசா, அந்த முகம் எனக்குத் தெரியும். பஸ்ஸில் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு போனவளின் முகம் அது. எனக்குக் கொக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால், "எறங்குடா" என்று கத்தினேன். நீ ஆள் உயரம்தான் ஏறியிருந்தாய். "இன்னாம்மா?" என்று எரிச்சலோடு இறங்கினாய். கொக்கியைப் பார்த்தால், பலாப் பால் வழிந்து இறுகி, வாய் முழுதாக மூடாமல், பூட்டு விழாமல் இருந்தது. நீ மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாய். "நானே பாத்திருப்பன்" என்றாய். மறுபடியும் ஏறிவிட்டாய். அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நீ கேட்கவில்லை.

நான் ஏழுமலையிடம் போய், "நீ பாத்தல்ல?" என்று கேட்டேன்.

"பாத்தங்க்கா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிக்கிறாங்கக்கா. தம்பிக்கு தெரியாதது எனக்கு இன்னா தெரியப் போவுதுன்னு வுட்டுட்டன்." கயிற்றைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "ஏறி ரெண்டு அடி போனதும் சொல்லலாம்னுதான் நின்னுக்கினு இருந்தன்" என்றார்.

இரண்டு அடி போனதும். நானும் அப்படித்தான் நினைத்தேன், அங்கே போனதும், அங்கே போனதும் என்று.

மலையை விட்டு இறங்கி வந்த மறுநாள் உன் அப்பாவிடம் சொன்னேன். நீ சந்தைக்குப் போயிருந்தாய். அவர் உன் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். தகரத்திலிருந்து ஓடை வரைக்கும் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அரம் நின்றது. என்னைப் பார்க்காமலே, "எத்தினி பிரி?" என்று கேட்டார்.

"ஒண்ணு. இன்னொண்ணுல பாதி."

"அப்ப நான் போட்ட முடிச்சு அவுரல."

"அவுரல. நான்தான் அவுத்தன். நகம் பிஞ்சிடுச்சு."

அவர் சங்கிலியைக் கீழே வைத்தார். பத்திரமாகத்தான் வைத்தார். வைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து ஏரிக்கரை பக்கம் நடந்து போனார். பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார், ஆனால் இரண்டு நாள் நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. டீக்கடையில் ஏதோ சாப்பிட்டுக்கொண்டார். நீ கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொன்னார், உனக்கு நினைவிருக்கும். மூன்றாம் நாள் காலை, நான் வாசல் தெளிக்கும்போது வந்து பக்கத்தில் நின்றார்.

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பன்?"

"அடிச்சிருப்பீங்க."

"ஆமா" என்றார். பிறகு, "அடிச்சிருந்தாலும் கவுத்த மாத்தியிருப்பன்" என்றார். நான் மிச்சத் தண்ணீரையும் வாசலில் தெளித்து முடித்தேன். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. சோறு சாப்பிடுகிறார். பேசுகிறார். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று இருக்கிறேன்.

நீ போகிற இடத்தை நினைத்துப் பார்க்கிறேன். அங்கே பத்து மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் மரம். கீழே கார்கள், நடக்கிறவர்கள், குழந்தைகள். மரத்துக்குள்ளேயே கரண்டு கம்பி ஓடும் என்று நீயே சொன்னாய். கம்பெனிக்காரர் லைன் அணைத்தாகிவிட்டது என்று சொன்னால், அணைத்தவரை நேரில் பார்க்காமல் கை வைக்காதே. புயலில் விழுந்து ஒன்றின் மேல் ஒன்று சிக்கிக் கிடக்கும் மரத்தில் எந்தப் பக்கம் விசை இருக்கிறது என்று தெரியாமல் ரம்பத்தை வைக்காதே, வில் மாதிரி எகிறும். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறாதே, நான் கூப்பிட்டுத் தொலைப்பேன். பழைய கயிற்றை ஓரங்கட்டினால் துண்டு துண்டாக வெட்டிப் போடு. முழுதாக விட்டால் யாராவது என்னைப் போல ஒருத்தி எடுத்து எதையாவது கட்டுவாள், இன்னொருவன் தெரியாமல் மரத்துக்குக் கொண்டு போவான். இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆனால் இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. ஏழுமலை உன்னோடு பெங்களூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாராமே. மகளுக்குப் பரீட்சை, அதனால் வரமுடியவில்லை என்று உன்னிடம் சொன்னதாகச் சொன்னாய். பரீட்சை இல்லை, குமரேசா. போன வாரம் ரேஷன் கடையில் பார்த்தபோது என்னிடம் உண்மையைச் சொன்னார். "தம்பி மேல எனக்கு கோவம் இல்லக்கா. ஆனா ஒரு நாளு நான் வாய மூடிக்கினு நிக்கப் போறன், அன்னிக்கு தம்பி வுழும். அத என் கண்ணால பாக்க முடியாதுக்கா" என்றார். அவர் வராவிட்டால் கம்பெனி வேறு ஒருவரைக் கொடுக்கும். முன்பின் தெரியாத ஆள், வேறு பாஷை பேசுகிறவராகக்கூட இருக்கலாம். அவரும் இரண்டு நாளில் உன் குரலைக் கேட்டுப் பழகிவிடுவார், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று.

உன் அப்பாவின் கோபம் உன்னிடமும் இருக்கிறது. அது வேலையின் மேல் இருக்கும் பிரியத்தால் வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் கீழே நிற்பவருக்கு அது தெரியாது. மேலே இருப்பவனுக்கு மரம் தெரியும், கிளை தெரியும். தன் முதுகு, தன் கொக்கியின் பின்பக்கம், தன் கயிறு கடைசியில் எங்கே உரசுகிறது என்பது கீழே நிற்பவருக்குத்தான் தெரியும். அவர் வாயை அடைத்துவிட்டால் அவ்வளவு பெல்ட்டும் கொக்கியும் இருந்து என்ன. ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை வீட்டுக்குப் போ. பெங்களூருக்குக் கூப்பிடுவதற்காகப் போகாதே, அது அவர் இஷ்டம். அந்த விறைத்த கயிற்றை எடுத்துக்கொண்டு போ. "எந்த எடம்ணே, காட்டு" என்று கேள். அவர் காட்டும்வரை உட்கார்ந்திரு. அதற்கப்புறம் நீ எங்கே போனாலும், யார் கயிறு பிடித்தாலும், காலை மரத்தில் வைப்பதற்கு முன், ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டு ஏறு. சொன்னது தப்பாக இருந்தாலும் சிரிக்காதே. யாரையும் சிரிக்க விடாதே.

என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாயோ தெரியாது. கோபப்படு. பேசாமல் இரு. பெங்களூரிலிருந்து போன் செய்யாவிட்டால் ஏழுமலை வழியாகவாவது நலமாக இருக்கிறாய் என்று தெரியப்படுத்து, எனக்கு அது போதும். நான் தாங்கிக்கொள்வேன், தாங்கவேண்டியவள்தான். ஆனால் உன் அப்பாவிடம் அப்படி இருக்காதே. ஊருக்கெல்லாம் நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன், சங்கராபுரத்து வீட்டுக்காரரிடமும் போய்ச் சொல்லப் போகிறேன், அவர் இன்னும் உயிரோடு இருந்தால். உன் வாயால் சொல்லவேண்டியதை மட்டும் நான் சொல்ல முடியாது. உன் அப்பா அன்றைக்குக் குடித்துவிட்டு ஏறவில்லை. அவர் போட்ட முடிச்சு அவிழவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் நீ சொன்ன வார்த்தைக்கு எதிராக அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார், ஏனென்றால் நீ சொன்னது நிஜம் என்று அவரே நம்பினார். திங்கட்கிழமை பஸ் ஏறுவதற்கு முன், அவர் முகத்தைப் பார்த்து அதைத் திரும்ப எடுத்துக்கொள். வேறு ஒன்றும் பேசத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை.

மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. நீ சாப்பிட இறங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

அம்மா